நாலு தடவை நிற்கலாம்

அந்த நாற்காலி வேண்டாம் சார், அதற்கு ஒரு கால் ஆடும். இந்த ஸ்டூலில் உட்காருங்கள். டீ போட்டிருக்கிறேன். இனிப்பு கூடிப்போயிருந்தால் கோபிக்காதீர்கள். வெளியாள் யாராவது வந்தால் எனக்குக் கை நடுங்கும். ஒரு கரண்டி போடுகிற இடத்தில் இரண்டு விழுந்துவிடும்.

சோணை இல்லை. குதிரைக்கு லாடம் அடிக்கக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். என் கொழுந்தன்தான். போனில் உங்களிடம் பேசியது அவன்தான். "ஏஜென்ட் வந்தா உக்கார வைங்க மதினி, நீங்க ஒண்ணும் பேச வேணாம், நான் வந்து பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். நான் பேசுகிறவளா சார்? கல்யாணத்தன்றைக்கு ஐயர் பேர் கேட்டதற்கே எங்கள் அத்தைதான் பதில் சொன்னார். ஆனால் இன்றைக்கு அவன் வருவதற்குள் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் டீயை இவ்வளவு சூடாகக் கொடுத்திருக்கிறேன். மெதுவாகக் குடியுங்கள்.

இன்று ராத்திரியோடு வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிகிறது, தெரியும். அதோ முற்றத்தில் நிற்கிறதே, அதுதான் வண்டி. மினி லாரிதான். குதிரை ஏற்றுவதற்கென்று பக்கப் பலகையை உயர்த்திக் கட்டியிருக்கிறார். தரையில் கயிற்றுப்பாய். குதிரை நெஞ்சு முட்டி நிற்பதற்குக் குறுக்கே ஒரு கட்டை, அதில் சாக்கு சுற்றியிருக்கும். கொடைக்கானலில் ஏரியைச் சுற்றிச் சவாரி விடுகிறார்களே, அந்தக் குதிரைகளையெல்லாம் சீசனுக்கு ஏற்றிக்கொண்டு போவதும், மழை பிடித்தால் கீழே இறக்கிக்கொண்டு வருவதும் இந்த வத்தலக்குண்டில் எங்கள் வண்டிதான். மதுரை, திண்டுக்கல் என்று மாப்பிள்ளை அழைப்புக்கும் போகும்.

ஆமாம், வீரணன்தான். வண்டி அவர் பேரில்தான் இருக்கிறது. இன்னொரு தடவை சொல்லுங்கள் சார்... இல்லை, ஒன்றுமில்லை. இந்த வீட்டில் அந்தப் பேர் காதில் விழுந்து ரொம்ப நாளாகிறது. நான் சொல்லக் கூடாது. சோணை சொல்ல மாட்டான்.

கேட்டீர்களா? டக், டக் என்று? வண்டிக்குள் இருந்துதான். பயப்படாதீர்கள், காலிதான். வேண்டுமானால் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். வெயில் தாழ்ந்தால் பலகை சுருங்கி அப்படிச் சத்தம் போடும் என்பான் சோணை. பலகை சுருங்கினால் ஒரு தடவை சத்தம் வரும், ஒத்துக்கொள்கிறேன். இறங்க வேண்டும் என்றால் சிங்காரி முன்னங்காலால் இரண்டு தட்டுத் தட்டும். இதுவும் இரண்டு தட்டுத்தான். சிங்காரி எங்கள் குதிரை. செவலை, நெற்றியில் வெள்ளை. அது கொட்டகையில் என் கண் முன்னாலேயே நிற்கும்போதும் வண்டிக்குள் தட்டும். அப்போது சிங்காரியும் காதை விறைத்துக்கொண்டு பார்க்கும். நான் ஒருத்தி மட்டும் கேட்டால் சரி. குதிரைக்கும் கேட்கிறதே.

குதிரை வண்டியை வெறும் வண்டியாக நிறுத்தக் கூடாது என்பார் அவர். குதிரையை இறக்கிய பிறகும் ஒரு பிடி புல்லாவது உள்ளே கிடக்க வேண்டும், இல்லையென்றால் வழியில் நிற்கிறது எதுவும் ஏறிக்கொள்ளும் என்பார். நான் இப்போதும் பொழுது சாயும்போது ஒரு பிடி போடுகிறேன். விடிந்து பார்த்தால் இருக்காது. எதிர்வீட்டு ஆடு தின்றிருக்கும் என்கிறான் சோணை. ஆட்டுப் புழுக்கை கிடக்கிறதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆடு வந்தால் அவர் வரக் கூடாது என்று இருக்கிறதா?

சரி, இன்சூரன்ஸுக்கு வருகிறேன். போன வாரம் நீங்கள் சோணையிடம் ஸ்பீக்கரில் சொன்னதை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நான் ஆறாம் வகுப்புதான். சரியாகப் புரிந்துகொண்டேனா, பாருங்கள். சட்டத்துக்காக மட்டும் போடுவது ஒன்று. அதில் நம் வண்டி நொறுங்கினால் நமக்கு ஒன்றும் கிடைக்காது. நம் வண்டிக்கும் சேர்த்துப் போடுவது ஒன்று. பிறகு, வழியில் வண்டி நின்றுபோனால் வந்து இழுத்துக்கொண்டு போவது. அதில் சின்னது, பெரியது என்று இரண்டு. சின்னதில் வண்டியை மட்டும்தான் இழுப்பார்கள், உள்ளே இருக்கிற உயிரை நாம் இறக்கிவிட வேண்டும். பெரியதில் இன்னொரு வண்டி கொண்டுவந்து குதிரையையும் ஏற்றிக் கொண்டுபோய் விடுவார்கள். சரிதானே? வண்டி நின்ற உடனே, எந்த இடத்தில் நிற்கிறது என்று, எழுதிக்கொடுத்த நம்பருக்கு மெசேஜ் போகும். வருஷத்துக்கு நாலு தடவை நிற்கலாம்.

பெரியதுதான் வேண்டும் என்கிறான் சோணை. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது இருந்திருந்தால் அன்றைக்கு யாரும் இறங்கி நடந்திருக்க வேண்டாம் அல்லவா?

பூஜை லீவுக்குக் கூட்டம் வரும் என்று சிங்காரியை மேலே கொண்டுபோனார்கள், அவரும் சோணையும். போகிற அன்று காலையில் எங்கள் பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் அதன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்க" என்று கேட்டேன். "கொலுசு இறுக்குது, பெருசா வாங்கணும்" என்றார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. எங்கள் பேச்சு எப்போதும் அவ்வளவுதான். அவர் பேசுகிற ஆள் சார். கொட்டகையில் சிங்காரியிடம் மணிக்கணக்காகப் பேசுவார். வீட்டுக்குள் வந்தால் நான் வெட்கப்பட்டுக்கொண்டு தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவேன். ஒரு நாள் சொன்னார்: "இந்த வீட்டுக்குள்ள நான் ஒருத்தன் மட்டும் இருக்கற மாதிரியே இருக்குடி. அந்தக் குதிரையாச்சும் ம்ம்-ங்குது." எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நல்ல தமாஷாகப் பேசுவார்.

மலைப்பாதையில் மச்சூருக்கு மேலே ஒரு வளைவு. இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் மலையை ஒட்டி ஒரு டீக்கடை. அந்த வளைவில் வண்டி நின்றுவிட்டது. ஆவி பறக்கிறது, பனியும் இறங்குகிறது, எது எதென்று தெரியவில்லை என்றான் சோணை. இழுக்கிற வண்டி வந்தது. குதிரையை வைத்துக்கொண்டு இழுக்க மாட்டோம், இறக்குங்கள் என்றார்கள். பலகையைச் சாய்த்துச் சிங்காரியை இறக்கினார் அவர். "நீ வண்டியோட கீழ போடா. நான் இவள நடத்தியே பெருமாள்மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். சோணை இழுவை வண்டியில் ஏறித் திரும்பிப் பார்த்தானாம். பனிக்குள் சிங்காரியின் பின்னங்கால் மட்டும் தெரிந்ததாம். பிறகு அதுவும் இல்லை.

மறுநாள் மத்தியானம் சிங்காரி இந்த முற்றத்தில் வந்து நின்றது. தனியாக.

நான் பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். குளம்புச் சத்தம் கேட்டு, வந்துவிட்டார் என்று முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு வெளியே போனேன். குதிரை நிற்கிறது. உடம்பெல்லாம் சேறு. ஆனால் கழுத்தைப் பாருங்கள், கயிறு அழகாகச் சுருட்டி மேலே கட்டியிருக்கிறது. மலையில் சவாரி விடுகிறவர்கள் சாயங்காலம் குதிரையைத் தனியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் சார், அது பாட்டுக்கு வழி தெரிந்து போய்விடும். அப்படி அனுப்பும்போது கயிறு காலில் சிக்கிவிடக் கூடாது என்று சுருட்டிக் கழுத்தோடு கட்டிவிடுவார்கள். அந்தக் கட்டுத்தான். அவர் கைக்கட்டு எனக்குத் தெரியும். கடைசி நுனியை உள்ளே செருகிவிடுவார், வேறு யாரும் செருக மாட்டார்கள்.

போலீசுக்குச் சொன்னோம். வளைவுக்கு மேலே, கைப்பிடிச் சுவர் ஓரமாக அவர் செருப்பு இரண்டும் ஜோடியாக இருந்தது. தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டிப் பள்ளத்தில் இறங்கினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. பள்ளம் அப்படி, காட்டெருமை விழுந்தாலே அகப்படாது என்றார்கள்.

என்ன சார் கேட்டீர்கள்? விழுந்தவர் எப்படிக் கயிற்றைச் சுருட்டிக் கட்டினார் என்றா?

விழப்போவது அவருக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு எல்லாமே முன்கூட்டித் தெரியும் சார். மழை வரப்போவதைச் சொல்லுவார். தான் போனாலும் வாயில்லாச் சீவன் வழியில் சிக்கிவிடக் கூடாது என்று கட்டியிருக்கிறார். அந்த நேரத்திலும் அவருக்கு அந்த நினைப்பு. நீங்கள் ஏன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டீர்கள்? ஆறிவிடும்.

சோணைதான் அவசரப்படுகிறான். வண்டியைத் தன் பேருக்கு மாற்ற வேண்டும், ஆர்.சி. முதல் எல்லாவற்றையும். அதற்கு அவர் இல்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவன் பேப்பரை நீட்டும்போதெல்லாம் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அதுதான் என் சண்டை. முந்தாநாள் அடுப்படிக்கே வந்துவிட்டான். கண் கலங்கிப்போய், "அவன் செத்துட்டான்னு நெனச்சுக்கங்க மதினி" என்றான். கவனித்தீர்களா? செத்துட்டான் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நெனச்சுக்கங்க என்கிறான். சின்னப் பிள்ளை, அண்ணன் மேல் அவ்வளவு உயிர்.

நான் நினைத்துப் பார்த்தேன் சார். வரவில்லை. பக்கத்தில் இருக்கிறவரைச் செத்துப்போனதாக எப்படி நினைப்பது? வண்டிக்குள் தட்டுகிறார். போனில்கூட இருக்கிறார். ஐப்பசி, கார்த்திகை முழுக்க அவர் நம்பர் சுவிட்ச் ஆஃப். பொங்கல் கழித்து ஒரு நாள் அடித்துப் பார்த்தேன், வேறு ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறார் என்றது அந்தப் பொம்பளைக் குரல். அன்று முதல் எப்போது அடித்தாலும் அதேதான். காலையிலும் பேசிக்கொண்டிருக்கிறார், மத்தியானமும் பேசிக்கொண்டிருக்கிறார். போய்ச் சேர்ந்த இடத்தில் பேச்சுத்துணை கிடைத்துவிட்டது போலிருக்கிறது. கிடைக்கட்டும். இங்கேதான் ஆள் இல்லாமல் போயிற்று.

மாசி மாதம் நானும் ஒரு தடவை மேலே போனேன். கல்யாணத்துக்குச் சிங்காரியை ஏற்றிக்கொண்டு சோணை கிளம்பினான். நான் பாப்பாவோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். "எறங்குங்க மதினி, பனி, புள்ளைக்கு ஆகாது" என்றான். நான் பாப்பாவை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன். இறங்கவில்லை. அந்த இடத்தைக் கும்பிட்டுவிட்டு வரலாம் என்றுதான்.

மச்சூர் தாண்டியதும் என்ன விரட்டு விரட்டினான் தெரியுமா? அந்த வளைவை நிற்காமல் தாண்டிவிட வேண்டும் என்று. அங்கே வந்ததும் வண்டி நின்றுவிட்டது சார். அதே வளைவு, அதே இடம். ரேடியேட்டர் சூடாகிவிட்டது, அந்த ஏற்றத்தில் எல்லா வண்டியும் சூடாகும் என்றான். எல்லா வண்டியுமா அங்கே நிற்கிறது? எங்கள் வண்டிதான் நிற்கிறது. தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று கேனை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் பின்னால் போனவன் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. விறகுப் புகை என்றான்.

அவன் இல்லாத அந்த நேரத்தில்தான் சிங்காரி கனைத்தது. சும்மா கனைப்பது இல்லை. தீவனக் கூடையோடு அவர் வருகிற சத்தம் கேட்டால் தொண்டைக்குள்ளேயே சிரிக்கிற மாதிரி ஒன்று செய்யும். அவருக்கு மட்டும்தான் அதைச் செய்யும். எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. அவர் வந்துவிட்டார் என்று பள்ளத்துப் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். பாப்பா கையையும் சேர்த்துக் கும்பிட வைத்தேன். திரும்பிப் பார்த்தால் சிங்காரி பள்ளத்தைப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி டீக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பலகையில் டக், டக்.

சோணை வந்ததும் கேட்டேன். "ஆவின்னா பள்ளத்துலதான இருக்கணும், இது ஏன் தம்பி கடப்பக்கம் பாத்துக் கனைக்குது?" அவன் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "பேசாம இருங்க மதினி" என்றான். வாழ்க்கையிலேயே என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னவன் அவன் ஒருத்தன்தான்!

டீக்கடைக்காரம்மா பேர் பவுனு. நல்ல மனுஷி. என்னைப் பார்த்ததும் வந்தார். முகம் கொடுத்துப் பேசவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே, "இந்தப் பனியில பச்சப்புள்ளயத் தூக்கிட்டு எதுக்கு தாயி வந்த? இந்தா, இத மாட்டு" என்று ஒரு கம்பளித் தொப்பியைக் கொடுத்தார். கையால் பின்னியது. மஞ்சள் நிறம், காதை மூடுகிற மாதிரி. பாப்பா தலையில் வைத்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. காசு கொடுக்கப் போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். என்னை மாதிரியே கூச்ச சுபாவம் போல. அவர் கடையில் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்த கயிறுகூட எவ்வளவு சுத்தமாக...

என்ன சார், எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

நுனியை உள்ளே செருகித்தான் கட்டியிருந்தது. ஆமாம். மலைக்காற்றுக்கு எல்லாரும் அப்படித்தான் கட்டுவார்களாக இருக்கும்.

சரி. எழுதுங்கள். பேர் மாற வேண்டாம். நம்பரும் மாற வேண்டாம். சோணை நம்பரை எழுதச் சொல்லுவான், எழுதாதீர்கள். பழைய நம்பரே இருக்கட்டும். அது உபயோகத்தில் இல்லாத நம்பர் என்கிறீர்களா? அனுப்பித்தான் பாருங்களேன். ரின்யூவல் என்று போன மாதம் அனுப்பியிருப்பீர்களே, அதே மாதிரி ஒன்று இப்போது அனுப்புங்கள். என் போனிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு டிக்கோடு நின்றுவிடுகிறது. உங்கள் போனிலிருந்து அனுப்புங்கள் சார், பார்ப்போம்.

காட்டுங்கள். ஆ, சிங்காரி படம்தான். நெற்றி வெள்ளை தெரிகிற மாதிரி அவரே எடுத்தது. அதை மாற்றவில்லை பார்த்தீர்களா? ஒரு டிக் விழுந்திருக்கிறது.

இருங்கள், போனை அணைக்காதீர்கள்.

அண்ணே.

அண்ணே, செத்தவங்களுக்கு ரெண்டு டிக் விழுமா?

வேறு யாருக்காவது அந்த நம்பரைக் கொடுத்திருப்பார்களா? கொடுத்திருக்கலாம். சிங்காரி படத்தையும் சேர்த்தா கொடுப்பார்கள்? இல்லை, வேண்டாம், நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள். தலையை நிமிருங்கள் அண்ணே. நீங்கள் என்ன தப்புச் செய்தீர்கள்? உங்கள் முகத்தைப் பார்த்தால் சோணை முகம் மாதிரியே இருக்கிறது. அந்த வளைவில் தண்ணீர் கேனோடு வந்து நின்றானே, அந்த முகம்.

நீலமாகிவிட்டது. படித்துவிட்டார்.

அண்ணே, அந்தப் பெரிய பிளானை அடித்துவிடுங்கள். ஆமாம், நான்தான் முதலில் அது நல்லது என்றேன். இப்போது வேண்டாம் என்கிறேன். குதிரையையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அப்புறம் எனக்கு வழி யார் காட்டுவது? சின்னதையே போடுங்கள். வண்டியை மட்டும் இழுத்துக்கொண்டு போகட்டும். உயிரை இறக்கிவிடத்தானே சொல்லுவார்கள், இறக்கிவிடட்டும். இந்தத் தடவை சோணை வண்டியோடு கீழே போகட்டும். நான் சிங்காரி கயிற்றைச் சுருட்டி, நுனியை உள்ளே செருகி, அதன் கழுத்தில் கட்டிவிடுகிறேன். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடக்கிறேன். அது எங்கே போய் நிற்கிறதோ நிற்கட்டும். பள்ளம் என்றால் பள்ளம். கடை என்றால் கடை. பாப்பாவுக்கும் அந்தத் தொப்பி இப்போதே இறுக்குகிறது, பெரிதாகப் பின்னித் தரச் சொல்ல வேண்டும்.

போய் என்ன பேசுவேன் என்றா கேட்கிறீர்கள்? தெரியவில்லை. இவ்வளவு நேரம் உங்களிடம் பேசிவிட்டேனே. அதே மாதிரி முதலிலிருந்து பேச வேண்டியதுதான்.

நாலு தடவை நிற்கலாம் என்றீர்கள் இல்லையா? எனக்கு ஒரு தடவை போதும்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா? வண்டிக்காரர் பேருக்குப் பக்கத்தில் என்ன எழுத? மனைவி என்றா? சரி. கோணலாகப் போனால் பரவாயில்லையா?

லாடச் சத்தம். இது வண்டிக்குள் இல்லை அண்ணே, தெருவில். புது லாடம், நாலு காலும் கணீரென்று கேட்கிறது. சோணை வந்துவிட்டான். பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். டீயைக் குடித்துவிடுங்கள்.

நான் ஒன்றும் பேசவில்லை.